விளக்கம் பெறப்பட்டது

அண்ணா, இது எஸ்தர் எழுதுவது. அம்மாவுக்கு வலது கண்ணில் புரை எடுத்து ஐந்து நாளாகிறது. கட்டைப் பிரித்துவிட்டார்கள். ஆனாலும் இன்னும் சில நாளைக்குப் படிக்கவோ எழுதவோ குனியவோ கூடாதாம். அதனால் அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். சொன்னது எல்லாவற்றையும் உண்மையாக எழுதுவேன். எனக்குச் சங்கடமான இடத்தை விட்டுவிட மாட்டேன், உன்னைத் திட்டுகிற இடத்தை மென்மையாக்கவும் மாட்டேன். அம்மா கோபத்தில் பாதி வாக்கியத்தோடு நிறுத்திவிடுகிறாள், அவற்றை முடித்துவைப்பது மட்டும் என் வேலை. பதினொன்றாம் வகுப்பில் தமிழில் முதல் மதிப்பெண் வாங்குகிறவளுக்கு அவ்வளவு உரிமை உண்டு என்று நினைக்கிறேன். இனி வருகிற ‘நான்’ எல்லாம் அம்மா. நான் நடுவில் வந்தால் பெயரைச் சொல்லிவிட்டு வருகிறேன்.

சாமு, இதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். உன் பக்கத்து மேஜைக்காரனுக்குக் காட்டு, உன் மேனேஜருக்குக் காட்டினால் இன்னும் நல்லது. போனில் சொல்லியிருப்பேன். ஆனால் நான் மூன்றாவது வாக்கியம் ஆரம்பிக்கும்போதே நீ “சரிம்மா, சரிம்மா” என்று ஆரம்பித்துவிடுவாய். அந்தச் சரிம்மாவுக்கு என்ன அர்த்தம் என்று உன்னைப் பெற்றவளுக்குத் தெரியும். நீ செய்துகொண்டிருக்கிற வெப்சைட்டைத் திங்கட்கிழமை முடித்து அனுப்பவேண்டும் என்று சொன்னாய். இன்று வியாழன். அதற்குள் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிடவேண்டும் என்பதற்காக எஸ்தர் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்புவாள், காகிதம் கூரியரில் வரும். அந்த வெப்சைட்டிலிருந்து நீ தூக்கி எறிந்த வரிகளைத் திரும்ப வைக்கவேண்டும் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். ஏன் கேட்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் பொறுமையாகப் படி. என்னைப் பற்றியும் நல்லதாக ஒன்றும் இதில் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது எனக்கு ஒரு கண்தான் இருந்தது. எஸ்தர் போனை என் இடது பக்கமாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாநிலம் முழுவதற்குமான கதிர்வீச்சு விவரத்தை எல்லாம் பொதுமக்கள் பார்க்கிறமாதிரி முதல் தடவையாகத் திறந்துவிடப்போகிறோம், அதில் பாதி வேலை என்னுடையது என்று நீ சொன்னாய். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்கட்டும் என்று எஸ்தரை ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். நல்லவேளை, அந்த வீட்டில் டீவி ஓடிக்கொண்டிருந்தது.

லிங்க் ஒன்றை அனுப்பி, “எஸ்தர், மேப்ல ஆம்பூர அழுத்து,” என்றாய். அழுத்தினாள். ஒரு பச்சை இலை விரிந்தது. அதற்குக் கீழே, உங்கள் ஊர் பாதுகாப்பாக உள்ளது.

“நம்பர் எங்கடா?” என்றேன்.

“இன்னா நம்பர்?”

“எவ்ளோ இருக்குதுன்னு.”

“நம்பர் போட்டா ஜனங்க பேஜாராயிடுவாங்கமா. அதான் இலை. கன்சல்டன்ட் வச்சி டெஸ்ட் பண்ணியாச்சு.”

“ஆம்பூர்ல அளக்கற மெஷின் எங்க வச்சிருக்காங்க?”

“ஆம்பூர்ல இல்லமா. மெஷின் இல்லாத ஊருக்கு, பக்கத்துல எது இருக்கோ அத எடுத்துக்கும்.”

“அதுவும் இல்லன்னா?”

நீ சிரித்தாய். “டீஃபால்ட் பச்சைதான்.”

மெஷின் இல்லாத ஊருக்கும் பச்சை. பார்க்காத வீட்டுக்கும் எல்லோரும் சௌக்கியம். தெர்மாமீட்டரே வைக்காமல் காய்ச்சல் இல்லை என்று சொல்லி அனுப்புகிற டாக்டரை நீ என்ன சொல்லுவாய்? நீ மட்டும் அதை யூசர் ஃப்ரெண்ட்லி என்கிறாய். இவ்வளவு படித்து, இவ்வளவு பெரிய கட்டடத்தில், கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து நீங்கள் எல்லோரும் சேர்ந்து கண்டுபிடித்தது ஒரு இலை. அதை வரைய எத்தனை மீட்டிங் நடந்தது என்று நீயே சொல்லியிருக்கிறாய். இலைக்குக் காம்பு வேண்டுமா வேண்டாமா என்று ஒரு மதியம் முழுக்கப் பேசினார்களாம்.

கன்சல்டன்ட் வைத்து டெஸ்ட் பண்ணினோம் என்றாயே, அந்த டெஸ்டுக்கு நானும் வந்திருந்தேன், மறந்துவிட்டாய். காட்பாடியில் ஒரு ஹாலில் வைத்தீர்கள். ஆள் சேரவில்லை என்று நீதான் என்னை பஸ் ஏறி வரச் சொன்னாய். முதலில் சாப்பாடு போட்டீர்கள். பிரியாணி சாப்பிட்டுவிட்டுக் கண் சொக்கி உட்கார்ந்திருந்தவர்களிடம் இரண்டு படத்தைக் காட்டி எது பிடித்திருக்கிறது என்று கேட்டார் அந்த கன்சல்டன்ட். ஒன்றில் இலை. இன்னொன்றில் பொடி எழுத்தில் நாற்பது வரி, அத்தனையும் ஆங்கிலம். இலை பிடித்திருக்கிறது என்று கை தூக்கினார்கள். நானும் தூக்கினேன், மூக்குக்கண்ணாடி கொண்டுபோகவில்லை. அப்புறம் நீங்கள் பொதுமக்கள் எண்ணை விரும்பவில்லை என்று எழுதிக்கொண்டீர்கள்.

கணியம்பாடியிலிருந்து வந்த ஒரு பெண் எழுந்து கேட்டாளே, ஞாபகம் இருக்கிறதா? அவள் பிள்ளை படிக்கிற பள்ளிக்கூடத்துச் சுவரை ஒட்டிப் புதிதாக ஒரு எக்ஸ்ரே சென்டர் வந்திருக்கிறது, சுவருக்கு இந்தப் பக்கம் எவ்வளவு வருகிறது என்று எங்கே பார்ப்பது என்று கேட்டாள். நல்ல கேள்வி. இருபது வருஷத்துக்கு மேல் எக்ஸ்ரே ரூமில் வேலை பார்க்கிற நான் ஒரு நாளும் கேட்காத கேள்வி. அதற்கு உங்கள் கன்சல்டன்ட், “அம்மா, பச்சை இருந்தா நல்லதுன்னு அர்த்தம்,” என்றார். பால்வாடிக் குழந்தைக்குச் சொல்லுகிறமாதிரி, குரலை இழுத்து. அவள் உட்காரவில்லை. “வேலூர் கிரீன் சர்க்கிள் சிக்னல்ல கூட பச்சை எத்தினி செகண்டுன்னு நம்பர் ஓடுது சார்,” என்றாள். ஹாலில் எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். சிரித்துவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டாய். அந்த இடத்தில்தான் இது சரியில்லை என்று எனக்கு முதலில் பட்டது. அப்போது கேட்டிருக்கவேண்டும். பிள்ளையை நாலு பேர் முன்னால் கேட்கக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

ஜனங்களுக்கு நம்பர் புரியாது என்று எந்த ஜனங்களைச் சொல்கிறாய்? உன் அப்பா டேனரியில் தோலைச் சீவுகிற ஷேவிங் மிஷினில் நிற்கிறவர், எட்டாவதோடு நிறுத்தியவர். தோலை இரண்டு விரலில் பிடித்து ஒன்று புள்ளி இரண்டு என்பார். கேஜ் வைத்துப் பார்த்தால் ஒன்று புள்ளி இரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும். தெருமுனையில் பூ கட்டுகிற அம்மா தன் சுகர் சாப்பாட்டுக்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு என்று கேட்காமலேயே சொல்லுகிறாள். எஸ்தர் வகுப்புப் பிள்ளைகள் கட்-ஆஃப் மார்க்கை தசமத்துக்கு அப்புறம் இரண்டு இடம் வரை பேசுகிறார்கள். இவர்களுக்கெல்லாம் புரியாதது ஒரு எண் மட்டும்தானா? அவர்கள் பயப்படுவார்கள் என்று நீங்கள் சொல்லுவதில், அவர்கள் கேட்பார்கள் என்ற உங்கள் பயம்தான் எனக்குத் தெரிகிறது.

இதை உன்னிடம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று நீ கேட்கலாம். கேட்கவேண்டும். அதற்குத்தான் வருகிறேன்.

நான் எக்ஸ்ரே டெக்னீஷியன் என்று உனக்குத் தெரியும். நாங்கள் கோட்டில் ஒரு பேட்ஜ் குத்திக்கொள்ளவேண்டும் என்பதும் சின்ன வயதில் பார்த்திருப்பாய், விசில் என்று நினைத்து வாயில் வைத்து ஊதியிருக்கிறாய். எங்கள் மேல் எவ்வளவு கதிர் படுகிறது என்று அது பிடித்துவைத்துக்கொள்ளும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அதை அனுப்பினால், படித்துவிட்டு எண்ணைச் சொல்லுவார்கள். எங்கள் உடம்புக்கு இருக்கிற ஒரே சாட்சி அதுதான். அந்தச் சாட்சியை எங்கள் எக்ஸ்ரே சென்டரில் எங்கே வைத்திருந்தோம் தெரியுமா? ஓனர் ரூமில், இரும்பு பீரோவில், பூட்டி. தொலைந்துபோனால் கேள்வி வரும் என்று ஓனர் முதல் வாரமே வாங்கி உள்ளே வைத்தார். இன்ஸ்பெக்ஷன் வருகிற நாளில் மட்டும் எடுத்துக் கொடுப்பார், கல்யாணத்துக்கு நகை எடுத்துக் கொடுக்கிறமாதிரி. போனதும் திரும்ப வாங்கிக்கொள்வார்.

நான் வேலை பார்க்கிற இடத்தில் ஷகிலா என்று இன்னொரு டெக்னீஷியன் இருக்கிறாளே, அவள் சொல்லுவாள், “நம்மள விட பேட்ஜுதான் ஜாஸ்தி பத்திரமா கீதுக்கா. அதுக்குப் புரை வராது, கேன்சர் வராது, நூறு வயசு இருக்கும்.” நாங்கள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறோம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ரிப்போர்ட் வரும், எல்லோருக்கும் சைபர். ஓனர் அதை ஃபைலில் குத்திவைப்பார். பார்த்தீங்களா, நம்ம சென்டர் எவ்ளோ சேஃப் என்பார். பீரோவுக்குக் கிடைத்த சர்டிபிகேட் அது. அவரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன், கெட்டவராக இருக்கக் கொஞ்சம் உழைப்பு வேண்டும். அவருக்குக் கேள்வி வரக்கூடாது, அவ்வளவுதான். எனக்கும் அவ்வளவுதான். படித்த வேலை, மின்விசிறி இருக்கிற ரூம், டேனரி நாற்றம் இல்லை. யாராவது கேட்டால் ஆஸ்பத்திரியில் இருக்கிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

சுற்றிலும் இருக்கிற ஷூ கம்பெனிகளில் புதிதாக வேலைக்கு எடுக்கிற பெண்களை வேனில் ஏற்றிக்கொண்டு வருவார்கள், நெஞ்சு எக்ஸ்ரேக்கு. ஒரே நாளில் முப்பது நாற்பது பேர். பத்தொன்பது இருபது வயசுப் பிள்ளைகள், தலையில் பூ வைத்துக்கொண்டு வருவார்கள், முதல் நாள் வேலை என்று. ஒருத்தியாவது கேட்பாள். “அக்கா, இத எடுத்தா பின்னால குழந்தை பொறக்கறதுல ஒன்னும் ஆவாதே?” நான் மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு, “ஒன்னும் இல்ல, போ,” என்பேன். அவள் முகத்தைக்கூடப் பார்க்கமாட்டேன். எத்தனை வருஷம், எத்தனை பேரிடம் அந்த மூன்று வார்த்தையைச் சொல்லியிருக்கிறேன். உண்மையில் அவ்வளவு பயப்பட ஒன்றும் இல்லைதான். ஆனால் அது எனக்குத் தெரிந்து நான் சொல்லவில்லை. வரிசை நகரவேண்டும் என்று சொன்னேன். உன் இலை எனக்குப் பிடிக்காததற்குக் காரணம் அது எனக்கு ரொம்பத் தெரிந்த முகம் என்பதுதான். நான்தான் அந்த இலை.

இரண்டு வருஷத்துக்கு முன் எஸ்தர் லைப்ரரியிலிருந்து ஒரு புத்தகம் கொண்டுவந்தாள். நாம் சும்மா வீட்டில் உட்கார்ந்திருந்தாலே மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் கொஞ்சம் கதிர் நம் மேல் பட்டுக்கொண்டே இருக்கிறது, ஒரு நெஞ்சு எக்ஸ்ரே என்பது அதில் சில நாள் கணக்குத்தான் என்று படித்துக் காட்டினாள். அதற்கு அப்புறம் வந்த வேனில் ஒரு பெண் கேட்டபோது நான் அதைச் சொன்னேன். எவ்வளவு படும், சும்மா இருந்தால் எத்தனை நாளில் அவ்வளவு படும், கர்ப்பம் என்று சந்தேகம் இருந்தால் மட்டும் இப்போதே சொல்லிவிடு என்று எல்லாம். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். “அவ்ளோதானா? இத மொதல்லயே ஒரு பேப்பர்ல எழுதி ஒட்ட வேண்டியதுதானேக்கா? வேன்ல ஒருத்தி அழுதுனு வந்தா,” என்றாள். போய் வரிசையில் நின்றவர்களிடம் அவளே சொன்னாள். ஒருத்தியும் ஓடவில்லை, ஒருத்தியும் மயங்கி விழவில்லை. ஒருத்தி மட்டும் வெளியே வந்து, நாள் தள்ளிப்போயிருக்கிறது, இன்று எடுக்கவேண்டாம் என்றாள். சாமு, அவளை நினைத்துப் பார். ‘ஒன்னும் இல்ல, போ’ என்று சொன்ன வருஷங்களில் அவளைப்போல எத்தனை பேர் மூச்சை இழுத்துப் பிடித்தார்களோ.

எஸ்தர் எழுதுவது: இங்கே அம்மா நிறுத்திவிட்டாள். கண்ணில் சொட்டு மருந்து விடுகிற நேரம். மருந்து விட்டுக்கொண்டே, “அந்த பேட்ஜ ஊதற கதைய அடிச்சிடு, அவன் கோச்சிக்குவான்,” என்றாள். அடிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி ஆரம்பித்தோம்.

இப்போது சொல்லப்போவது உன் அப்பாவுக்கும் தெரியாது. நீ காலேஜில் இரண்டாவது வருஷம் படித்துக்கொண்டிருந்தாய். அந்தச் சமயத்தில் ஓனர் பீரோ சாவியைத் தொலைத்துவிட்டார். ஆசாரியைக் கூப்பிட்டுப் பூட்டை உடைத்தார்கள், புதுப் பூட்டு இதோ அதோ என்று போடாமலேயே கிடந்தது. அதனால் அந்த மூன்று மாதம் பேட்ஜ் என் கோட்டிலேயே இருந்தது. வேண்டுமென்று நான் செய்ததில்லை. இத்தனை வருஷ வேலையில் எங்கள் சென்டர் சட்டப்படி நடந்த ஒரே காலம் ஒரு சாவி தொலைந்ததால் வந்தது. அந்த மூன்று மாதமும் ஷகிலா பிரசவத்துக்குப் போயிருந்தாள், அவள் வேலையும் என் தலையில். மேல்மாடியில் எலும்பு ஆபரேஷன் தியேட்டர் ஆரம்பித்திருந்தார்கள். ஹைவேயில் பைக்கில் விழுந்து கால் முறிந்து வருகிறவர்களுக்கு, டாக்டர் திரையில் எலும்பைப் பார்த்துக்கொண்டே கம்பி வைப்பார். அவர் பார்க்கிற நேரம் முழுக்க எக்ஸ்ரே ஓடிக்கொண்டிருக்கும். நான் பக்கத்தில் நின்று காலைப் பிடித்துக்கொள்வேன். நெஞ்சுக்கு ஈய ஏப்ரன் உண்டு. கண்ணுக்கு ஒன்றும் கிடையாது. கண்ணாடி வாங்கித் தருகிறேன் என்றார் ஓனர். வாங்கியும் தந்தார், வெயிலுக்குப் போடுகிற கூலிங் கிளாஸ்.

அந்த மூன்று மாதத்து ரிப்போர்ட்டில் என் பெயருக்கு நேரே முதல் தடவையாக ஒரு எண் வந்தது. சின்ன எண் இல்லை. கூடவே ஒரு கடிதம், ஏன் இவ்வளவு என்று விளக்கம் கேட்டு. அதாவது எங்கேயோ ஒரு ஆபீஸில் முகம் தெரியாத ஒருவர் என் எண்ணைப் பார்த்து, இந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டிருக்கிறார். என் வேலைக்காலம் முழுவதிலும் என் உடம்பைப் பற்றி எவராவது அக்கறையாகக் கேட்டது அந்த ஒரு தடவைதான். ஓனர் என்னைக் கூப்பிட்டார்.

“இன்னாம்மா, நம்பர் எகிறிப் போச்சு? பேட்ஜை எக்ஸ்ரே ரூம்ல மாட்டிட்டு மறந்து வூட்டுக்குப் போய்ட்டேன், அதுமேல பட்டுனு இருந்திருக்கும்னு எழுதிக் குடு.”

“கோட்லயேதான் சார் இருந்துது. நான் விடல.”

“வுட்டேன்னுதான் எழுதணும். எல்லாரும் அப்படித்தான் எழுதறாங்க. இல்லன்னா வந்து தோண்டுவான், சென்டர மூடுவான். உன் பையன் படிக்கிறான் இல்ல?”

உன் பெயரைச் சொன்னதும் நான் பேனா கேட்டேன். அவர் வற்புறுத்தினார் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளமாட்டேன். அவர் கேட்டது ஒரு தடவை, நான் மறுத்தது ஒரு தடவை. மூன்றாவது வாக்கியத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். பேட்ஜை அறையிலேயே மாட்டிவைத்துவிட்டேன், எண் என் உடம்பில் பட்டது அல்ல, இனி கவனமாக இருப்பேன். அழகான கையெழுத்தில் எழுதினேன். அடுத்த மாதம் பதில் வந்தது. விளக்கம் பெறப்பட்டது, ஏற்றுக்கொள்ளப்பட்டது. பூட்டும் வந்தது. மறுபடி சைபர்.

அப்புறம் போன மாதம் வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் கண் காட்டப் போனேன். சின்ன வயசு லேடி டாக்டர், நிதானமாகப் பார்த்தார். “உங்க வயசுக்கு, லென்ஸுக்குப் பின்பக்கம் இந்த இடத்துல புரை, கொஞ்சம் சீக்கிரம்மா. சுகரும் இல்ல. என்ன வேலை பாக்கறீங்க?” என்றார். சொன்னேன். உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார். “டோஸ் ரிப்போர்ட் எல்லாம் இருக்கா?” என்று கேட்டார். அந்த நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம். அவர் என்னை அடிக்கப்போவதில்லை, சென்டரை மூடப்போவதில்லை, பேனாவைத் திறந்துகொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் “எல்லாம் சைபர்தான் டாக்டர்” என்றேன். வாய் பழகிவிட்டது. அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார். கதிர் பட்டதனால்தான் புரை வந்தது என்று நான் சொல்லவில்லை, டாக்டரும் சொல்லவில்லை. வேறு காரணமாகவும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்தது, அதை நானே என் கையால் எழுதி மூடினேன், கேட்ட இடத்திலும் மூடினேன். இடது கண்ணிலும் ஆரம்பித்திருக்கிறதாம். ஷகிலாவுக்குச் சின்னப் பிள்ளைகள், இப்போது அந்தத் தியேட்டரில் காலைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவள். போன வாரம் போன் பண்ணி, “அக்கா, சாயங்காலத்துல லைட்ட சுத்தி வட்டம் வட்டமா தெரியுது, உங்களுக்கும் அப்படித்தான் ஆரம்பிச்சிதா?” என்று கேட்டாள். அவள் பேட்ஜ் பீரோவில் இருக்கிறது.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை இலையைக் காட்டி முடித்ததும் நீ இன்னொன்று சொன்னாய். எங்களைப்போல வேலை செய்கிறவர்கள் தங்கள் பழைய பதிவைத் தாங்களே அதில் பார்க்கலாம், எல்லா சென்டருடைய மொத்தக் கணக்கும் பொதுமக்கள் பார்வைக்கு இருக்கும் என்று. நல்ல காரியம், நிஜமாகவே நல்ல காரியம். என் பழைய எண்ணும் அதில் இருக்கும் என்று நினைத்துக்கொண்டே கேட்டேன். அப்புறம் நீ சொன்னாய்: “டேட்டா ஒரே குப்பைமா. ‘விளக்கம் பெறப்பட்டது’ன்னு இருக்கற வரிங்கள எல்லாம் ஒரே கமாண்ட்ல தூக்கிட்டேன். அதெல்லாம் பேட்ஜ ரூம்ல வச்சி மறந்த கேஸு. இப்ப கிளீன் ஆயிடுச்சு. மேனேஜர் அசந்துட்டாரு.”

எத்தனை வரி என்று எஸ்தர் கேட்டாள். பார்க்கவில்லை என்றாய். எதைத் தூக்கினோம் என்று பார்க்காமலேயே தூக்குகிறவனுக்கு மேனேஜர் அசருகிறார் என்றால், அந்த ஆபீஸில் என்ன செய்தால் வெட்கப்படுவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. ஓனருக்குப் பூட்டும் சாவியும் வேண்டியிருந்தது, ஆசாரி வேண்டியிருந்தது. உனக்கு ஒரு வரி போதும். அவர் ஒரு சென்டரைச் சுத்தமாக்கினார், நீ ஒரு மாநிலத்தையே சுத்தமாக்கிவிட்டாய். அந்தக் குப்பையில் நிஜமாகவே பேட்ஜை மறந்துவிட்டுப் போனவர்கள் பாதிப் பேர் இருப்பார்கள். மீதிப் பேர் என்னைப்போலப் பேனா கேட்டு வாங்கியவர்கள். எது எது என்று உனக்கும் தெரியாது, விளக்கம் கேட்ட ஆபீஸுக்கும் தெரியாது. தெரியாதபோது அழிக்கலாம் என்று எந்தக் காலேஜில் சொல்லிக்கொடுத்தார்கள்? அந்தக் காலேஜுக்காகத்தான் நான் எழுதிக் கொடுத்தேன் என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது.

உன்னிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. தூக்கிய வரிகளைத் திரும்ப வை. எண் இவ்வளவு என்று போடு, பக்கத்திலேயே இன்ன விளக்கம் சொன்னார்கள் என்றும் போடு. எது உண்மை என்று நீ தீர்ப்புச் சொல்லவேண்டாம். ஒரு சென்டரில் மட்டும் எல்லோரும் எல்லாக் காலத்திலும் சைபர் என்றாலும், ஒரு சென்டரில் எல்லோரும் ஒரே மாதிரி பேட்ஜை மறந்தார்கள் என்றாலும், பார்க்கிறவர்களுக்கே தெரிந்துவிடும். மெஷின் இல்லாத ஊருக்கு மெஷின் இல்லை என்று எழுது, ஆம்பூர்க்காரர்கள் அதைப் படித்துச் செத்துவிடமாட்டார்கள், வேண்டுமானால் ஒரு மெஷின் கேட்பார்கள். எண்ணுக்குப் பக்கத்தில், சும்மா இருந்தால் எத்தனை நாளில் அவ்வளவு படும் என்று நல்ல தமிழில் எழுது. எழுதத் தெரியாவிட்டால் எஸ்தர் எழுதித் தருவாள். உன் இலையை வேண்டுமானால் ஓரத்தில் வைத்துக்கொள், அவ்வளவு மீட்டிங் போட்டிருக்கிறீர்கள்.

மேனேஜர் ஒத்துக்கொள்ளமாட்டார் என்பாய். தெரியும். உன் வேலைக்கு ஏதாவது ஆகும் என்பாய். ஆகலாம். அதனால்தான் உன்னை மட்டும் கேட்டுவிட்டு நான் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. அன்று நான் எழுதிக் கொடுத்த விளக்கம் பொய் என்று ஒரு தாளில் எழுதி, இந்தக் கடிதம் வருகிற அதே கூரியரில் அனுப்புகிறேன். ஒன்று விளக்கம் கேட்ட அந்த ஆபீஸுக்கு, ஒன்று கண் டாக்டருக்கு. ஒன்றை, திரும்ப வேலைக்குப் போகிற அன்றைக்கு ஓனர் கையில் நானே கொடுப்பேன். அப்பாவிடம் இன்று சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் சொல்லுவேன். என் எண் எனக்கு மனப்பாடம், ஆனால் இந்தக் கடிதத்தில் எழுதமாட்டேன். நீ தூக்கிய வரிகளில் அது இருக்கிறது. திங்கட்கிழமைக்கு முன் ஒரு தடவை திறந்து உன் அம்மா பெயரைத் தேடிப் பார். பார்த்த பிறகும் அழிக்கத் தோன்றினால் அழி. இந்த முறை என்ன அழிக்கிறாய் என்று தெரிந்து அழி.

உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. கோபத்தில் சொன்னதுதான், ஆனால் ஒன்றையும் திரும்ப வாங்கிக்கொள்ளமாட்டேன்.

எஸ்தர் எழுதுவது: அம்மா சொன்னபடியே அந்தத் தாளை மூன்று பிரதி எழுதினேன். ‘அந்த மூன்று மாதமும் பேட்ஜ் என் கோட்டில் என் உடம்பின் மேல் இருந்தது’ என்பதுதான் அதில் கடைசி வரி. மணி ஆறு இருக்கும். இன்னும் அப்பா வரவில்லை. “வேலை போயிடுமேம்மா,” என்றேன். “போவட்டும். ஷகிலா கண்ணு போறதுக்கு முன்னாடி போவட்டும்,” என்றாள். கையெழுத்தை மட்டும் தானே போடுவேன் என்று அடம் பிடித்தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவேண்டியிருந்ததால் டியூப் லைட்டைப் போட்டேன், அது கண்ணைக் குத்தியிருக்கவேண்டும், இரண்டு கண்ணையும் இடுக்கிக்கொண்டு போட்டாள். முதல் இரண்டு தாளில் சரியாக வந்தது. ஓனருக்குக் கொடுக்கிற தாளில் கை மேலே ஏறி, கையெழுத்து கடைசி வரியின் மேலேயே விழுந்துவிட்டது. வேறு தாளில் எழுதித் தருகிறேன் என்றேன்.

“வரி மறைஞ்சிடுச்சா?”

“மறையல. மேல ஏறியிருக்கு.”

“படிக்க வருதா?”

“வருது.”

“அப்ப வுடு,” என்று அம்மா கண்ணாடியைத் தடவி எடுத்து மாட்டிக்கொண்டாள். நான் எழுந்து லைட்டை அணைத்தேன்.